இலவசம் என்கிற சொல்

புதுச்சேரியில் வைத்தியத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஐந்து நிமிஷத்துக்குள் யாராவது ஒருவர் ‘ஜிப்மர்தான் இருக்கிறதே’ என்று சொல்லிவிடுவார். அதோடு பேச்சு முடிந்துவிடும். சொல்பவர் பெரும்பாலும் தன் உடம்புக்கு வந்தால் அங்கே போகிறவராக இருக்க மாட்டார். அல்லது போகிறவராக இருந்தாலும், உள்ளே தெரிந்த டாக்டர் ஒருவரோ அலுவலகப் பிரிவில் மைத்துனர் ஒருவரோ அவருக்கு இருப்பார். ‘இருக்கிறதே’ என்பதன் கடைசியில் வரும் அந்த ஏகாரத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ் இலக்கணம் தேற்றம், வினா, எண், பிரிநிலை என்றெல்லாம் ஏகாரத்துக்கு வேலைகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. மேற்கொண்டு பேசாதே என்று வாயை அடைக்கிற ஏகாரம் ஒன்று நடப்பில் இருப்பதை எந்த நூற்பாவும் சொல்லவில்லை.

நான் குடியிருக்கும் உழவர்கரை நகராட்சிக்குள், கோரிமேட்டில் இருக்கிறது ஜிப்மர். அதே கோரிமேட்டில் மார்பு நோய் ஆஸ்பத்திரி. கதிர்காமத்தில் 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. எல்லைப்பிள்ளைச்சாவடியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஆஸ்பத்திரி. இது போதாதென்று ஊரைச் சுற்றி நாலு திசையிலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள். இவ்வளவு கட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு ஏழைக்கு நல்ல வைத்தியம் கிடைக்கவில்லை என்று எழுதினால், திருவிழாக் கூட்டத்தில் நின்றுகொண்டு தேரைக் காணோம் என்பவன் மாதிரி என்னைப் பார்ப்பார்கள் என்று தெரியும். ஆனாலும் அந்த வாக்கியத்தின் எழுவாயை விட்டுவிட்டு, அதில் சொல்லப்படாமலே ஒளிந்திருக்கிற ஒரு சொல்லைப் பற்றித்தான் எனக்குச் சண்டை. அது ‘இலவசம்’ என்கிற சொல்.

சொல்லைப் பிரிக்குமுன் கொஞ்சம் சரித்திரம். 1823இல் பிரெஞ்சு அரசாங்கம் இங்கே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. இன்று சட்டசபை நிற்கிற பக்கத்தில் பள்ளி; பெரியாஸ்பத்திரி வளாகத்தில் நோயாளிகள். 1954இல் நிர்வாகம் கைமாறிய பிறகு, 1956இல் இந்திய அரசு அதை எடுத்துக்கொண்டு தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என்று பெயர் வைத்தது. 1964 ஜூலை 13ஆம் தேதி குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் கோரிமேட்டுக் கட்டடத்தைத் திறந்து வைத்தபோது ஜவஹர்லால் பெயர் வந்தது. 2008இல் பாராளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. அந்த மசோதா வந்தபோதே ஏழைகளின் இலவச சிகிச்சை போய்விடும் என்று ஊரில் எதிர்ப்பு எழுந்தது. போகாது என்று பதில் சொல்லப்பட்டது.

கவனிக்க வேண்டியது, இருநூறு வருஷமாக இது ஆஸ்பத்திரி மட்டுமாக இருந்ததில்லை, பள்ளிக்கூடமும்கூட என்பது. வெறும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த ஆஸ்பத்திரிக்கும் வித்தியாசம் உண்டு. பின்னதில் நோயாளி பாடப் புத்தகம். மிஷேல் ஃபூக்கோ 1963இல் பிரெஞ்சு மருத்துவத்தின் சரித்திரத்தை எழுதும்போது இந்தக் கொடுக்கல் வாங்கலை ஸ்பஷ்டமாகக் காட்டினார். பணக்காரன் ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கிறான்; ஏழை தன் உடம்பைப் பார்வைக்குக் கொடுக்கிறான்; ஏழையின் உடம்பில் டாக்டர் கற்றுக்கொண்டது நாளைக்குப் பணக்காரனின் உடம்புக்குப் பயன்படுகிறது. தருமம் என்று பெயர் சூட்டப்பட்டிருந்தாலும் உள்ளே ஓடுவது ஒப்பந்தம். புதுச்சேரிப் பள்ளி பிறந்த காலமும் அந்த மருத்துவம் பாரீசில் தலையெடுத்த காலமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதைப் புரிந்துகொள்ள ஃபூக்கோவைப் படிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. காலை நேரத்தில் எந்த மருத்துவக் கல்லூரியின் பொது வார்டிலும் நின்று பார்த்தால் போதும். பெரிய டாக்டர் முன்னே வர, பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் பின்னே வருகிறார்கள். பண்ருட்டிப் பக்கத்து விவசாயக் கூலி ஒருவரின் மண்ணீரலை ஒருவர் தொட்டுப் பார்த்து, அடுத்தவர் தொட்டுப் பார்த்து, ‘மூச்சை இழுங்க, விடுங்க’ என்று பன்னிரண்டாவது ஆளும் தொட்டுப் பார்த்த பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவர் படுக்கிறார். அன்று அவர் நடத்திய வகுப்புக்கு சம்பளம் என்ன? தனியார் கல்லூரிகளில் இடம் வாங்குவதற்கு மாணவர்கள் எத்தனை லட்சம் கட்டுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கல்லூரிகள் கிராமம் கிராமமாக வேன் அனுப்பி நோயாளிகளை ஏற்றி வருகின்றனவே, அது என்ன ஜீவகாருண்யமா? கட்டில்கள் இத்தனை சதவிகிதம் நிரம்பியிருந்தாக வேண்டும் என்று மருத்துவக் கல்லூரிகளுக்கு விதி இருக்கிறது. கட்டிலில் படுக்க உடம்பு வேண்டும். உடம்பு இல்லாவிட்டால் கல்லூரிக்கு அங்கீகாரம் இல்லை.

ஆகவே ஏழை இலவசமாக வைத்தியம் பெறுகிறான் என்பதே பொய். கொடுக்கிற கூலி அவனுடைய உடம்பு. மிச்சம் இருப்பது அந்தக் கூலிக்கு ஈடான சரக்கு அவனுக்குக் கிடைக்கிறதா என்கிற கேள்விதான். ‘இலவசம்’ என்று சொன்ன மாத்திரத்தில் அந்தக் கேள்வி நாக்கிலேயே செத்துப்போகிறது. தானமாகக் கொடுத்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது நமக்குச் சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுக்கப்பட்ட விவேகம் அல்லவா?

2023 மார்ச்சில் ஜிப்மர் நிர்வாகம் உயர்வகைப் பரிசோதனைகளும் சிகிச்சைகளுமாக 63க்குக் கட்டணம் என்று அறிவித்தது. ஐந்நூறு ரூபாயிலிருந்து பன்னிரண்டாயிரம் ரூபாய் வரை. கட்சிகள் போராடின. சிவப்பு ரேஷன் அட்டைக்காரர்களுக்குக் கட்டணம் இல்லை என்று விளக்கம் வந்தது. இலவசத்துக்கான வருமான வரம்பாக அங்கே சொல்லப்பட்டு வந்த தொகை மாதம் ரூ.2,499. அது என்ன கணக்கு, எந்த மகானுபாவரின் மேஜையில் பிறந்தது என்பதைப் பற்றி நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் குமாஸ்தா புத்தி எண்ணைக் கண்டால் வகுத்துப் பார்க்கும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் அதே 2023-24ஆம் வருஷத்துக்குப் புதுச்சேரியில் மத்திய அரசு நிர்ணயித்த கூலி நாளைக்கு ரூ.294. 2,499ஐ 294ஆல் வகுத்தால் விடை எட்டரை. பின்னம் இழுக்காமல், துல்லியமாக எட்டரை. ஒரே மத்திய அரசு ஒரு கையால் கூலியை நிர்ணயிக்கிறது, மறு கையால் ஏழ்மையை நிர்ணயிக்கிறது. மாதத்தில் ஒன்பதாவது நாள் மண்வெட்டியைத் தூக்குகிறவள் முதல் கையின் கணக்குப்படி கூலிக்காரி. இரண்டாவது கையின் கணக்குப்படி ஏழை இல்லை.

சிவப்பு அட்டை வைத்திருந்தால் போதுமே என்பார்கள். இந்த அட்டையின் கதை இன்னும் விசித்திரமானது. இந்த யூனியன் பிரதேசத்தில் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்று ஆக்கி, ரேஷன் கடைகள் வருஷக்கணக்கில் மூடிக்கிடந்தன. மறுபடி திறந்தது 2024 அக்டோபரில். கடை பூட்டியிருந்த காலத்திலும் அட்டை உயிரோடு இருந்தது. அரிசி வாங்க உதவாத அட்டை, நான் ஏழை என்று கவுன்ட்டர் கவுன்ட்டராக நிரூபிக்க உதவியது. அட்டையே இல்லாதவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்? ஏரிக்கரையிலும் செங்கல் சூளையிலும் குடும்பத்தோடு கிடக்கிற இருளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 டிசம்பர் வரையில் புதுச்சேரியில் பழங்குடியினர் என்று சட்டப்படி ஒருவர்கூட இல்லை. 2011 ஜனத்தொகைக் கணக்கில் அந்தக் கட்டத்தில் சூன்யம். ஆட்கள் இருந்தார்கள், பாம்பு பிடித்தார்கள், சூளையில் கல் அறுத்தார்கள், செத்தும் போனார்கள். காகிதத்தில் மட்டும் பிறந்திருக்கவில்லை. குடியரசுத் தலைவரின் ஆணை வந்த பிறகுதான் அவர்கள் பழங்குடிகளானார்கள். ஆணை வந்த மறுநாளே சாதிச் சான்றிதழ் வீட்டுக்கூரையில் வந்து விழுந்துவிடுமா? சான்றிதழ் கேட்டால் இருப்பிடச் சான்று, இருப்பிடச் சான்று கேட்டால் முகவரி, முகவரி கேட்டால் ஏரிக்கரை. இருளர் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, குழந்தை யார் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்கிற முறையில் எனக்கு ஒன்று சொல்ல இருக்கிறது. வங்கியில் நகைக்கடன் பகுதிக்கு வருகிற பெண்களிடம் கடன் எதற்கென்று கேட்டு எழுத வேண்டும். ‘என்னத்துக்கும்மா?’ என்றால் ‘ஆஸ்பத்திரிச் செலவு சார்’ என்பார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று நான் எப்போதாவது கேட்பதுண்டு (விண்ணப்பத்தில் அதற்கு இடம் கிடையாது). பாதிப் பேர் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் பெயரைத்தான் சொல்கிறார்கள். இலவச வைத்தியத்துக்குத் தோட்டைக் கழற்றி வைப்பானேன்? செஞ்சியிலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ ஒருத்தி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தனியாக வர முடியாது, ஓர் ஆள் துணை. முதல் பஸ். சீட்டு வாங்க வரிசை, டாக்டரைப் பார்க்க வரிசை, ரத்தம் கொடுக்க வரிசை. ஸ்கேனுக்கு வேறு தேதி. ரிசல்ட்டைக் காட்ட மூன்றாவது தேதி. மேலே சொன்ன 294 ரூபாயையே வைத்துக்கொண்டாலும் இரண்டு ஆளுக்கு ஒரு நாளைக்கு 588. மூன்று நடைக்கு 1,764 ரூபாய் கூலி நஷ்டம், இன்னும் மாத்திரை என்ற ஒன்று கண்ணில் படுமுன்பே. பஸ், டீ, பொட்டலச் சாதம், ‘இது ஸ்டாக் இல்ல, வெளில வாங்கிக்கோ’ எல்லாம் இதற்கு மேல். தேசிய சுகாதாரக் கணக்கு என்று ஒன்றை மத்திய அரசு வெளியிடுகிறது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஜனங்கள் தங்கள் கையிலிருந்து கொடுப்பது 2013-14இல் 64.2 சதவிகிதமாக இருந்து 2021-22இல் 39.4ஆகக் குறைந்துவிட்டது என்கிறது அது. குறைந்திருந்தால் சந்தோஷம். ஆனால் செஞ்சிக்காரியும் அவள் துணையும் இழந்த கூலிக்கு அந்தக் கணக்கில் பத்தி இல்லை. பத்தி இல்லாத செலவை எந்தப் புத்தகத்தாலும் காட்ட முடியாது என்பதை வங்கியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் நம் அறிவுஜீவி நண்பர்கள் இவான் இல்லிச்சைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். மருத்துவ ஸ்தாபனமே மனிதனின் ஆரோக்கியத்துக்கு எதிரி, ஆஸ்பத்திரியே நோயை உற்பத்தி செய்கிறது என்று அவர் 1970களில் எழுதியதில் நிறைய உண்மை இருக்கிறது. இருந்தாலும், விருந்தில் அளவுக்கு மீறித் தின்றவனுக்குச் சொன்ன பத்தியத்தை வாசலில் பசியோடு நிற்பவனுக்கு ஓதுவது என்ன ரசனை? அதே காலத்தில் வேல்ஸ் தேசத்தில், கிளின்காரக் என்கிற நிலக்கரிச் சுரங்க கிராமத்தில், ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று ஒரு சாதாரண டாக்டர் இருந்தார். எங்கே நோய் அதிகமோ அங்கே நல்ல வைத்தியம் குறைவு. எங்கே தேவை குறைவோ அங்கே வைத்தியம் குவிந்து கிடக்கிறது. சந்தைக்கு எவ்வளவு இடம் விடுகிறோமோ அவ்வளவுக்கு இது முற்றும் என்று 1971இல் ‘லான்ஸெட்’ பத்திரிகையில் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. நோயாளி வரட்டும் என்று காத்திராமல் கிராமத்துப் பெரியவர்கள் அனைவரின் ரத்த அழுத்தத்தையும் அளந்து வைத்தார். வராதவனைத் தேடிப் போவதுதான் வைத்தியம் என்பது அவர் கட்சி. நம்முடைய பெரிய ஸ்தாபனங்களுக்கு வராதவன் என்று ஒருவன் இருப்பதே தெரியாது. வந்தவர்களைப் பதிவேட்டில் கூட்டி, புறநோயாளிகள் இத்தனை ஆயிரம் என்று ஆண்டறிக்கை போடுகிறார்கள்.

கோரிமேட்டிலிருந்து ரெட்டியார்பாளையம் எத்தனை தூரம்? ஆட்டோவில் கால் மணி. 2024 ஜூன் 11ஆம் தேதி காலையில் ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையிலிருந்து விஷவாயு வீட்டுக் கழிப்பறைகள் வழியே ஏறி வந்து இரண்டு பெண்களும் ஒரு பள்ளிச் சிறுமியும் செத்துப்போனார்கள். இதே உழவர்கரை நகராட்சி. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த மருத்துவ விஞ்ஞானம் கூப்பிடு தூரத்தில் இருக்க, வீட்டுக்குள் கழிப்பறைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. இதற்கும் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

தானத்தில் இன்னொரு சௌகரியம் உண்டு: கொடுப்பவன் நினைத்த நேரத்தில் கடையைக் கட்டலாம். 2024 ஜனவரி 22ஆம் தேதி அயோத்தியில் ராமர் கோயில் பிரதிஷ்டை. அதற்காக ஜிப்மரின் புறநோயாளிப் பிரிவு பிற்பகல் இரண்டரை மணி வரை இயங்காது என்று அறிவிப்பு வந்தது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை சென்னை உயர் நீதிமன்றம் கூடி வழக்கைக் கேட்டது. அவசர சிகிச்சை நடக்கும் என்று ஸ்தாபனத்தின் தரப்பில் உறுதி சொல்லப்பட்டது, வழக்கு முடிந்தது. தில்லி எய்ம்ஸ் அதே மாதிரி அறிவித்துவிட்டுப் பின்வாங்கியது, இங்கே அதுவும் இல்லை. ராமனைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை. ‘அவசரம்’ என்கிற சொல்லைப் பற்றித்தான். மூன்று வாரத்துக்கு முன் கொடுத்த தேதிக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்து நிற்கிறவளுக்கு அன்றைய தினம்தான் அவசரம். அவளுக்கு அடுத்த தேதி என்பது அடுத்த நகைக்கடன்.

இனி நம் வீட்டு விவகாரத்துக்கு வருகிறேன். நவீன கவிதையில் ஆஸ்பத்திரி அடிக்கடி வருகிறது. டெட்டால் வாசனை, வெள்ளைச் சுவர், மெள்ளச் சுழலும் மின்விசிறி, முடிவில்லாத நடைகூடம்; அங்கே கவிஞன் தன் தனிமையைச் சந்திக்கிறான், மரணம் கால்மாட்டில் வந்து உட்கார்கிறது. நானும் இவற்றை ரசித்தவன்தான். ஆனால் எந்த அரசாங்க ஆஸ்பத்திரியின் பொது வார்டில் ஐயா தனிமை கிடைக்கிறது? கட்டிலில் நோயாளி, கட்டிலுக்குக் கீழே அவர் மனைவி, பக்கத்துக் கட்டிலில் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும் ஒரு கிழவி, யாருக்கு ரத்தம் எந்த குரூப் என்று வார்டு முழுக்கத் தெரியும். தனிமை அங்கே தனி அறைக்கு வாடகை கொடுத்தவனுக்கு மட்டும் கிடைக்கிற பண்டம். அதை மனித நிலை என்று அறிவிப்பதில் ஒரு சின்ன மோசடி இருக்கிறது. நோயை உருவகமாக்காதே என்று சூசன் சொன்டாக் 1978இல் புத்தகமே எழுதினார். நம்மவர்கள் அந்தப் புத்தகத்தையும் உருவகமாகவே படித்தார்கள் போலிருக்கிறது.

மொழிதான் எங்கள் துறை, சமூக சேவை எங்கள் துறையல்ல என்று பதில் வரும். நல்லது. மொழியைப் பற்றியே பேசுவோம்.

2022 ஏப்ரல் இறுதியில் ஜிப்மர் இயக்குநரிடமிருந்து, அலுவலகப் பதிவேடுகளில் கூடியமட்டும் ஹிந்தியைப் பயன்படுத்தும்படி சுற்றறிக்கை வந்தது. மே மாதம் வாசலில் போராட்டம், கைது, துணைநிலை ஆளுநர் நேரில் வந்து விளக்கம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோபம் முழுவதும் கோப்புகளின் மொழியைப் பற்றியதாகவே இருந்தது. சம்பளப் பதிவேடு எந்த மொழியில் இருந்தால் வயிற்றுவலிக்காரனுக்கு என்ன? டாக்டருக்கும் அவனுக்கும் நடுவில் மேஜை மேல் நடக்கிற மொழியைப் பற்றி ஒரு கோஷமும் கேட்கவில்லை.

மருத்துவ மாணவனுக்கு முதல் பாடமாகச் சொல்லித் தரப்படுவது, நோயாளி சொல்லும் குறையை அவருடைய சொந்தச் சொற்களிலேயே எழுதிக்கொள் என்பது. அற்புதமான விதி, எந்த நாவலாசிரியனுக்கும் சொல்லித் தரலாம். இங்கே கேஸ் ஷீட் ஆங்கிலத்தில். எழுதுகிறவர் அகில இந்தியத் தேர்வு எழுதி ராஜஸ்தானிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த, இருபத்துமூன்று வயதுப் பையன் அல்லது பெண். நோயாளி விழுப்புரத்துப் பக்கம். சொந்தச் சொற்கள் எங்கே போகும்? நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அவர் பெரும்பாலும் ஆயாவாக, வார்டு பையனாக, பக்கத்துக் கட்டிலின் துணையாளாக இருப்பார். இந்த நாட்டிலேயே அதிக விளைவுள்ள மொழிபெயர்ப்பை, ஒரு பைசா சன்மானம் இல்லாமல், அகராதி இல்லாமல் செய்கிறவர்கள் அவர்கள். நாமோ போதலேரின் ஓர் அடிக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று மூன்று இதழ்கள் சண்டை போடுகிறோம்.

வலிக்கு நம் ஜனங்களிடம் எத்தனை வினைச்சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, இழுக்கிறது, பிசைகிறது, எரிகிறது, வெட்டுகிறது, சுருக்கென்கிறது, விண் விண்ணென்று தெறிக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடம், ஒவ்வொரு தன்மை. சிறுநீர் போகையில் கடுக்கிறது என்பவளும் முழங்கால் குடைகிறது என்பவளும் நோயறிதலில் பாதியை டாக்டரின் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பில் எல்லாம் ஒரே ஆங்கிலச் சொல்லாகப் போய் விழுகிறது: பெயின். ‘மேலெல்லாம் வலிக்குது’ என்றால் மேல் என்பது உடம்பு. தமிழைப் புத்தகத்தில் கற்றவர் வலி உச்சந்தலையில் என்று நினைக்க இடமுண்டு. ‘மயக்கம்’ என்பது நினைவு தப்புவதா, தலைசுற்றலா, வெறும் சோர்வா? சொல்கிறவளின் ஊரையும் வயதையும் பொறுத்தது. ‘இழுப்பு’ ஓர் ஊரில் மூச்சிரைப்பு, இன்னோர் ஊரில் வலிப்பு. ஒன்றுக்கு உரிய மருந்து மற்றதற்கு ஆகாது. ‘மருமவ முழுகாம இருக்கா’ என்கிறாள் மாமியார். கர்ப்பம் என்கிற நல்ல சேதி. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் குளிக்காத பெண் என்று ஆகிவிடும். ‘தூரம் நின்னு மூணு மாசம்’ என்கிறாள் ஒருத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு. அதை ஒரு ஆண் வார்டு ஊழியர் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றால் அவள் அடுத்த முறை அதைச் சொல்லவே மாட்டாள். வயிற்றுவலி என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரையோடு போய்விடுவாள். கூவாகத்துக்கு வருகிற திருநங்கை ஒருவருக்குத் திடீரென்று உடம்புக்கு ஆகிவிட்டால் ஆண் வார்டா பெண் வார்டா என்று வாசலிலேயே வாதம் நடக்கும். அவர் குறையைச் சொல்வதற்கு முன் தன்னை மொழிபெயர்த்தாக வேண்டும்.

வெளிமாநிலத்துப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் பலர் ஆறே மாதத்தில் ‘எங்க வலிக்குது, எத்தனை நாளா’ கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளாலேயே சாதி தடுக்கிற இடங்கள் உண்டு. தமிழ் பேசும் டாக்டர் தமிழ் பேசும் சேரிக்காரரின் நாடியைத் தொடாமலே சீட்டு எழுதுவதை எந்த அகில இந்தியத் தேர்வின் தலையிலும் கட்ட முடியாது. என் கேள்வி ஸ்தாபனத்தைப் பார்த்து. பல கோடிக்கு ஸ்கேன் யந்திரம் வாங்குகிற இடத்தில், இந்தச் சொற்களையெல்லாம் சேகரித்து, எந்த ஊரில் எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நூறு பக்கச் சிறு அகராதி போட்டு, முதல் நாளே ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடுத்துப் பரீட்சை வைத்தால் என்ன செலவாகும்? மொழிபெயர்க்கிற ஆயாவுக்குப் பயிற்சியும் அதற்கென்று ஒரு படியும் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்?

அந்த அகராதியைத் தொகுக்க டாக்டர்களால் தனியாக முடியாது. காது உள்ளவர்கள் வேண்டும். வட்டாரச் சொல்லுக்கு விலை தெரிந்தவர்கள் வேண்டும். கோரிமேட்டு வரிசையில் விடிகாலை ஐந்து மணிக்குப் போய் நோட்டுப் புத்தகத்தோடு நின்றால் ஒரு மாதத்தில் பாதி வேலை முடிந்துவிடும். இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் இந்த ஊர்க்காரர்களே பத்துப் பதினைந்து பேர் தேறுவார்கள்; அதில் இரண்டு மூன்று பேராவது மருத்துவம் படிக்கிறவர்கள். அதோடு, வெளியே வருகிற சீட்டின் பின்பக்கத்தையும் கேட்டு வாங்க வேண்டும். உனக்கு வந்திருக்கிற நோய் இன்னது, இந்த மாத்திரை இதற்கு, இந்தத் தேதியில் வா, வராவிட்டால் இன்னது ஆகும் என்று நாலு வரி தமிழில், படிக்கிற கையெழுத்தில். இப்போது அந்தச் சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வந்து, நகைக்கடன் விண்ணப்பத்தோடு சேர்த்து என் முன்னால் வைத்து, ‘இதுல என்ன சார் எழுதியிருக்கு?’ என்று கேட்கிறார்கள்.